கொஞ்சம் இளகிக் கொடுக்கும் கம்பி

ஹயாவோ மியாசாகியின் ‘தி விண்ட் ரைசஸ்’ (2013) அனிமேஷன் படத்தைப் பார்த்த ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “கானாங்கெளுத்தி முள்ளின் வளைவில் மயங்குகிறாரே ஜிரோ ஹொரிகோஷி, நிஜத்தில் அவர் அப்படி என்னதான் செய்தார்?”

படத்தின் காதல் கதை கற்பனை, ஆள் நிஜம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பறக்கவிட்ட ‘ஜீரோ’ போர் விமானத்தை மிட்சுபிஷியில் வடிவமைத்தவர். எடையைக் குறைக்க அவர் பட்ட பாட்டைப் பலரும் எழுதியாயிற்று. எனக்குப் பிடித்தது ஒரு கம்பி வேலை.

விமானி கைப்பிடியை இழுத்தால், உடல் நெடுக ஓடும் கம்பி வாலிலுள்ள எலிவேட்டர் பலகையைத் தூக்கும், மூக்கு மேலெழும். சரி, சிக்கல் எங்கே? காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 120 கி.மீ. வேகம் 480 ஆனால் விசை 16 மடங்கு. தரையிறங்கும்போது ஒரு சாண் இழுத்தால்தான் மூக்கு அசையும் என்றால், முழு வேகத்தில் விரற்கடை இழுப்புக்கே விமானம் துள்ளும். சண்டைக்கு நடுவே விரற்கடை அளந்துகொண்டிருக்க யாரால் முடியும்?

கம்பி விறைப்பாக இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஹொரிகோஷி வேண்டுமென்றே விறைப்பைக் குறைத்தார். பலம் வேறு, விறைப்பு வேறு. கம்பி அறுந்துவிடாது, இழுத்தால் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். மெதுவாகப் பறக்கையில் பலகையை எதிர்க்கும் காற்று குறைவு, அதனால் இழுத்தது அநேகமாக முழுதும் வால்வரை போய்ச் சேரும். வேகத்தில் காற்று பலகையை முட்டித் தள்ளும். கம்பி நீண்டு, இழுப்பில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்க வேண்டும் என்று கணக்குப் போடுவது காற்றேதான்! கம்ப்யூட்டர் இல்லை, கூடுதலாக ஒரு கிராம் எடை இல்லை. நம் சைக்கிளில் பிரேக் வயர் இப்படி நீண்டால் கடைக்காரரைத் திட்டுவோம்.

இத்தனை நுட்பம் தெரிந்த நாட்டில், 1939-இல் ஜீரோவின் முதல் மாதிரி நகோயா தொழிற்சாலையிலிருந்து ககாமிகஹாரா விமானத்தளத்துக்குப் பிரித்துக் கட்டி மாட்டு வண்டியில் போனது. போர் விமானத்துக்குப் பணம் இருந்தது, குலுங்காத சாலைக்கு இல்லை. ராணுவ ஆராய்ச்சிக்கு அள்ளிக் கொடுக்கும் எந்த அரசைப் பார்த்தாலும் எனக்கு அந்த மாடுகள்தான் ஞாபகம் வரும்.

கம்பி வித்தை வாலோடு சரி. விமானத்தைப் பக்கவாட்டில் புரட்டும், இறக்கை நுனியிலுள்ள பலகைகள் அதிவேகத்தில் கல்லாக இறுகின. 1942-இல் அலாஸ்காவின் அகுடான் தீவில் விழுந்துகிடந்த ஒரு ஜீரோவை அமெரிக்கர்கள் பழுதுபார்த்து ஓட்டிப் பார்த்தபோது இது தெரியவந்தது. அப்புறம் ஜீரோ துரத்தினால் வேகமாகக் கீழே பாய்ந்து வலப்பக்கம் புரண்டு தப்பும்படி தங்கள் விமானிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.