தோலோடு நிறுத்த ஏத்தன்பழம்

"சுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறது" என்று டாக்டர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் குடியிருப்பதும் எல்லையில்தான். களியக்காவிளையில் கொஞ்ச தூரம் நடந்தால் கேரளம். ஏத்தன் (நேந்திரன்), செந்துளுவன், மட்டி, பாளையங்கோடன் என்று கடைக்குக் கடை வாழைக்குலை தொங்குகிற ஊரில், பழத்தை அளந்து தின்னச் சொன்னால் எப்படி? சரி, பார்ப்போம் என்று அடுக்களைக்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கினேன். போனில் கலோரிக் கணக்குப் போட ஒரு ஆப்.

முதல் நாள் புட்டுக்கு ஒரு ஏத்தன்பழம். தராசில் 212 கிராம். பழுத்த ஏத்தனுக்கு 100 கிராமுக்குச் சுமார் 120 கலோரி. கணக்குப் போட்டு 254 என்று எழுதினேன். ஒரு வாரம் இப்படியே ஓடியது. உரித்த தோலைத் தனியாக நிறுத்துப் பார்க்க அப்புறம்தான் தோன்றியது. 71 கிராம்! நான் தின்றது 141 கிராம், அதாவது 170 கலோரிக்கும் கீழே. ஒரு இட்லிக்கு மேலான கணக்கை ஒவ்வொரு நாளும் தோலுக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பழக்கடை அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். "துட்டு தோலோடத்தான் மக்களே, தின்னுததுதான் தோலில்லாம" என்றார். விஷயம் அவ்வளவுதான். கடைத் தராசு நிறுப்பது ஒன்று, கலோரி அட்டவணை பேசுவது வேறொன்று.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் இந்திய உணவுகளுக்கான பெரிய அட்டவணை ஒன்றை வெளியிட்டது. அதில் உள்ள எண்கள் எல்லாம் உண்ணத்தகுந்த பகுதியில் 100 கிராமுக்கானவை. தோல், கொட்டை, காம்பு எதுவும் சேராது. இந்த மாதிரி அட்டவணைக்காகப் பழத்தின் சதையை மட்டும் எடுத்து நீர், புரதம், கொழுப்பு, மாவுச்சத்து எவ்வளவு என்று ஆய்வகத்தில் பிரித்து அளக்கிறார்கள். பிறகு புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்று பெருக்கினால் கலோரி கிடைக்கும். (நாம் பேச்சில் கலோரி என்பது உண்மையில் கிலோகலோரி.) பழத்தில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீருக்குக் கலோரி கிடையாது. தர்பூசணி 100 கிராமுக்கு 30-ஐச் சுற்றியும், ஏத்தன் அதைப்போல் நான்கு மடங்கும் வருவது இதனால்தான்.

தராசின் மேல் சந்தேகம் வேண்டாமா என்றால், கொஞ்சம் வேண்டும். தட்டுக்கு அடியில் ஓட்டை போட்ட ஒரு சின்ன அலுமினியக் கட்டை இருக்கிறது. பழத்தை வைத்ததும் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோக இழைகள் அந்த வளைவில் நீளும், அல்லது சுருங்கும். நீண்ட இழையில் மின்தடை கூடும், சுருங்கியதில் குறையும். அந்த நுண்ணிய மாற்றத்தைத்தான் ஒரு சில்லு கிராமாக மாற்றிக் காட்டுகிறது. தராசுக்கு அடியில் மேசைத்துணி சுருண்டு கிடந்தாலோ, மேசை ஆடினாலோ எண் தடுமாறும். இன்னொரு வேடிக்கை: காலித் தட்டில் மாதுளை முத்துக்களை ஒவ்வொன்றாகப் போட்டால், சில தராசுகள் அந்தச் சின்ன எடையைத் தம்முடைய பூஜ்யம் நகர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். கிண்ணத்தில் நிரப்பி மொத்தமாக வையுங்கள். தராசு சரியா என்று பார்க்கப் படிக்கல் தேடி அலைய வேண்டாம். இரண்டு நிறப் பத்து ரூபாய் நாணயம் 7.71 கிராம், பத்து நாணயம் வைத்தால் 77 காட்ட வேண்டும். என்னுடையது 78 காட்டியது. ஏத்தன்பழத்தில் ஒரு கிராம் என்பது ஒரு கலோரிதான், மன்னித்துவிட்டேன்.

சரி, தோலுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று மனதில் கழித்துவிட்டால் போதாதா? போதாது. தோலின் பங்கு தினமும் மாறுகிறது. வாழை பழுக்கும்போது சதையில் இருக்கும் மாவு சர்க்கரையாக உடைகிறது. சர்க்கரை கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் இழுபடும். தோலில் இருக்கும் நீர் சதைக்குள் போகிறது. தோலிலிருந்து காற்றுக்கும் போகிறது. அதனால்தான் காயில் தடியாக இருக்கும் ஏத்தன் தோல், நன்றாகக் கறுத்த பழத்தில் காகிதமாக மெலிந்துவிடுகிறது. ஒரே சீப்பில் இரண்டு பழத்தை வைத்துப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தபோது உரித்ததில் தோல் மூன்றில் ஒரு பங்கு. ஐந்து நாள் கழித்துக் கறுத்ததை உரித்தபோது கால் பங்குதான். பழுக்கப் பழுக்க இனிப்புக் கூடுகிறதே, கலோரியும் கூடுமா என்று வீட்டில் கேட்டார்கள். பெரிதாகக் கூடாது. மாவாக இருந்தாலும் சர்க்கரையாக இருந்தாலும் கிராமுக்கு ஏறக்குறைய அதே 4-தான். ஆனால் என்னைப் போல எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு வேறு கவலை உண்டு. கறுத்த பழத்தின் சர்க்கரை காயின் மாவைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும்.

மாம்பழத்துக்கு வேறு வழி. கொட்டையில் எவ்வளவு சதை ஒட்டியிருக்கிறது என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. முழுப் பழத்தை நிறுத்துவிட்டு, நிம்மதியாகத் தின்று முடித்து, தோலையும் கொட்டையையும் கடைசியில் நிறுத்துக் கழியுங்கள். உமிழ்நீர் ஓரிரு கிராம் சேரும், பரவாயில்லை. சப்பிய கொட்டையைத் தராசில் வைப்பதைப் பார்த்து வீட்டில் முகம் சுளிப்பார்கள், அதற்கு அறிவியலில் தீர்வு இல்லை.

சக்கையில், அதாவது பலாப்பழத்தில், இந்தக் கழித்தல் கதைக்கு உதவாது. தடலும் (முள்தோல்) சடையும் (சுளையைச் சுற்றிய நார்) போக மிஞ்சுவது குறைவு. கொட்டை நீக்கிய சுளையை நேராக நிறுப்பதே வழி. 100 கிராமுக்கு 95 கலோரி வரும். அந்தக் கொட்டை மறுநாள் அவியலில் வந்தால் அதற்குத் தனிக் கணக்கு.

நான் கடைசியாக நிறுத்தது பழமே இல்லை, ஏத்தங்காய் சிப்ஸ். பேச்சு சுவாரசியத்தில் கையில் அள்ளியதைத் தராசில் கொட்டினால் 34 கிராம்தான். வறுக்கும்போது காயின் தண்ணீர் ஆவியாகிப் போய், அந்த இடத்தில் எண்ணெய் குடியேறிவிடுகிறது. அதனால் 100 கிராமுக்கு 500 கலோரிக்கு மேல். அந்த ஒரு பிடியும் காலையில் தின்ற முழு ஏத்தன்பழமும் கலோரியில் ஏறக்குறைய ஒன்று.