அந்த 0.3 நொடி எங்கே போகிறது?

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயம் நடக்கும் வார இறுதிகளில், யார் எந்த இடத்தில் தொடங்குவார் என்று முடிவுசெய்யும் தகுதிச்சுற்று முடிந்ததும் நேரப்பட்டியல் கைக்குக் கை மாறும். எல்லோரும் முதலில் தேடுவது தங்கள் பையனோ பெண்ணோ எத்தனையாவது இடம் என்பதை. அடுத்து, அதே அணியின் சீனியர் எத்தனையாவது என்பதை. "அவர் மூணாவது, இவன் ஒன்பதாவது. இன்னும் தேறலை" என்று அங்கேயே தீர்ப்பும் வந்துவிடும். ஒரு குடும்பத்தின் சேமிப்பும் ஓர் இளைஞனின் பல வருட உழைப்பும் தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில், இரண்டு எண்களை வைத்துச் சொல்லப்படும் இந்தத் தீர்ப்பு பல நேரம் தவறு. புதியவர் சீனியரைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கிறார் (0.3 நொடி என்று வையுங்கள்) என்பதைவிட எந்த இடத்தில் பின்தங்குகிறார், அது மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது என்பதுதான் அவரைப் பற்றி உண்மையைச் சொல்லும்.

அதே அணியின் சக ஓட்டுநரோடு ஒப்பிடுவதில் தவறில்லை. சொல்லப்போனால் வேறு நியாயமான வழியே கிடையாது. ஃபார்முலா 1-இல் முதல் அணியின் காருக்கும் கடைசி அணியின் காருக்கும் உள்ள வேக வித்தியாசம், நல்ல ஓட்டுநருக்கும் மிக நல்ல ஓட்டுநருக்கும் உள்ள வித்தியாசத்தை விழுங்கிவிடும். ஒரே அணியில் இருப்பவர்கள் மட்டும்தான் ஒரே பிட்ச்சில் ஒரே பந்துவீச்சை ஆடும் இரண்டு பேட்ஸ்மேன்கள் மாதிரி. நம் ஊரில் ஓடும் ஃபார்முலா எல்ஜிபி 1300 போன்ற வகுப்புகளில் எல்லோருக்கும் ஒரே ரகக் கார்தான். ஆனாலும் இன்ஜினின் வயது, செட்டப் (காரின் பாகங்களைச் சரிசெய்து வைத்திருக்கும் விதம்), காரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கின் கை என்று அணிக்கு அணி ஏதோ ஒன்று மாறத்தான் செய்யும்.

ஆனால் அளவுகோலின் நீளம் முதலில் தெரிந்திருக்க வேண்டும். நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்கு ஓட்டியபோது, பக்கத்துக் காரில் இருந்த டியாகோ மோன்டெய்ரோவும் புதியவர். யாரை வைத்து யாரை அளப்பது? அந்த வருடம் மோன்டெய்ரோ 7 புள்ளி, நரேன் 5 புள்ளி. நரேனின் 5 புள்ளியும் அமெரிக்கப் பந்தயம் ஒன்றில் மட்டும் வந்தவை. மிஷெலின் டயர் போட்ட கார்கள் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய பந்தயம் அது. மோன்டெய்ரோவின் 7 புள்ளியில் 6 கிடைத்ததும் அங்கேதான். இந்த எண்களை வைத்து இருவரில் யார் வேகம் என்று சொல்லவே முடியாது.

சென்னைக்காரரான கருண் சந்தோக்குக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 2010-இல் பஹ்ரைனில் அவருடைய ஹெச்ஆர்டி அணிக் காரை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவரவே பயிற்சி நேரம் முழுவதும் போய்விட்டது. அந்தக் காரை அவர் முதன்முதலாக ஓட்டியதே தகுதிச்சுற்றில்தான். சக ஓட்டுநர் புரூனோ சென்னாவைவிட ஒன்றரை நொடிக்கு மேல் பின்னால் வந்தார். அந்த எண்ணை இன்று தனியாக எடுத்துக் காட்டினால் அது அநியாயம். ஓர் ஓட்டுநர் அந்தக் காரில் அதற்குமுன் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறார் என்பது தெரியாமல், இடைவெளியைப் பற்றிப் பேசவே கூடாது.

இதனால்தான் வெவ்வேறு காலத்துப் புதியவர்களை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். லூயிஸ் ஹாமில்டன் 2007-இல், முதல் வருடத்திலேயே, இரண்டு முறை உலக சாம்பியனான ஃபெர்னாண்டோ அலோன்சோவுக்குச் சமமாக 109 புள்ளி எடுத்தார். அபாரமான சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் அப்போது அணிகள் வருடம் முழுக்க டெஸ்ட் (பந்தயத்துக்கு வெளியே சோதனை ஓட்டம்) ஓடலாம். 2009 முதல் அதற்குக் கடும் கட்டுப்பாடு. 2025 சீசனுக்கு முன் அந்த வருடக் காரில் அணிக்குக் கிடைத்தது மூன்றே நாள், அதுவும் ஒரே கார். இரண்டு ஓட்டுநர்களும் அதைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

சரி, நல்ல அளவுகோல் இருக்கிறது, இருவருக்கும் ஒரே கார் என்றே வைத்துக்கொள்வோம். நொடிக்கணக்கு அப்போதும் ஏமாற்றும். மொனாக்கோவின் ஒரு சுற்று 3.337 கி.மீ.; பெல்ஜியத்தின் ஸ்பா 7.004 கி.மீ. இரண்டு இடத்திலும் 0.3 நொடி பின்தங்கினால் அது ஒரே பின்னடைவு ஆகாது. அதனால் சுற்று நேரத்தில் எத்தனை சதவீதம் என்றுதான் பார்க்க வேண்டும். அதோடு, ஃபார்முலா 1 தகுதிச்சுற்று பகுதி பகுதியாக நடக்கும், மெதுவானவர்கள் இடையிலேயே வெளியேறுவார்கள்; முதல் பகுதியில் வெளியேறியவரின் நேரத்தை, கடைசிப் பகுதி வரை போனவரின் நேரத்தோடு ஒப்பிடக் கூடாது. டயர்களின் ரப்பர் படியப் படியச் சாலையின் பிடிப்பு கூடிக்கொண்டே போகும். இருவரும் சேர்ந்து ஓடிய பகுதியை மட்டும் எடுக்க வேண்டும்.

ஒரே அணியின் இருவரில் யார் எத்தனை தகுதிச்சுற்றில் முந்தினார் என்று எண்ணும், பத்திரிகைகளுக்குப் பிடித்த 'நேருக்கு நேர்' கணக்கையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். வருடத்துக்கு 24 தகுதிச்சுற்று என்று கொள்வோம். இருவரும் அச்சு அசலாகச் சமம், ஒவ்வொரு முறையும் யார் முந்துவார் என்பது நாணயம் சுண்டுவது போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒருவர் 16-8 அல்லது அதைவிடப் பெரிய கணக்கில் ஜெயித்துவிட சுமார் 15 சதவீத வாய்ப்பு உண்டு. அதாவது கிட்டத்தட்ட ஏழில் ஒன்று. உள்ளூர் சாம்பியன்ஷிப்பில் வருடத்துக்குச் சில சுற்றுகள்தான். தற்செயலின் பங்கு அங்கே இன்னும் அதிகம். இடைவெளிகளைச் சதவீதமாக எழுதி, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணை எடுப்பது இதைவிட நல்ல வழி. ஒரு முறை சுவரில் மோதியதோ, ஒரு முறை மஞ்சள் கொடியால் (தடத்தில் ஆபத்து என்ற எச்சரிக்கை) சுற்று கெட்டதோ அந்த நடு எண்ணை அதிகம் அசைக்காது. சராசரியை அசைத்துவிடும்.

இனி மிகச் சுவையான பகுதி. அணியின் இன்ஜினியர் நேரப்பட்டியலோடு நிற்பதில்லை. இருவருடைய டெலிமெட்ரியையும் (காரின் சென்சார்கள் பதிவுசெய்த தரவு) ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறார். வேகம், பிரேக் அழுத்தம், ஆக்சிலரேட்டர், ஸ்டீயரிங் கோணம் எல்லாம் தனித்தனிக் கோடுகளாக ஓடும். அவற்றுக்குக் கீழே ஒரு கோடு, சுற்றின் ஒவ்வொரு மீட்டரிலும் புதியவர் எத்தனை நொடி பின்னால் இருக்கிறார் என்று காட்டும். டேட்டா பார்ப்பவர்கள் இதை டெல்டா என்பார்கள். அந்தக் கோடு எங்கே மேலே ஏறுகிறதோ அங்கேதான் நேரம் போகிறது.

புதியவர்கள் பெரும்பாலும் தேடிப்போகும் இடம் பிரேக் போடும் புள்ளி. "அவரைவிட 5 மீட்டர் தள்ளிப் போட்டேன்" என்பது பெருமையான செய்தி. அதன் மதிப்பைக் கணக்கிடலாம். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் வந்து 100-க்கு இறங்கும் வளைவு. 5 மீட்டரை 200-இல் கடக்க 0.09 நொடி ஆகும். 100-இல் கடக்க 0.18 நொடி. ஆக, மற்ற எல்லாம் மாறாமல் இருந்தால் லாபம் 0.09 நொடி. ஆனால் மற்ற எல்லாம் மாறாமல் இருக்காது. தள்ளிப் போட்டவர் வளைவின் உள்விளிம்பைத் தவறவிட்டு, காரைத் திருப்பக் காத்திருந்து, ஆக்சிலரேட்டரைத் தாமதமாக மிதிப்பார். அதனால் அடுத்துள்ள 800 மீட்டர் நேர்ச்சாலையில் சராசரியாக மணிக்கு 2 கி.மீ. குறைவாகப் போகிறார் என்று கொள்வோம். 180 கி.மீ. சராசரி வேகத்தில் 800 மீட்டருக்கு 16 நொடி. 178-இல் அது 16.18 நொடி. வளைவின் வாசலில் சம்பாதித்ததைப் போல இரண்டு மடங்கு, பார்வையாளர் யாரும் கவனிக்காத நேர்ச்சாலையில் போய்விட்டது. அனுபவசாலியின் வேகக்கோட்டில் பிரேக் புள்ளி பல நேரம் சாதாரணமாகத்தான் இருக்கும். வெளியேறும் இடத்தில்தான் அவர் கோடு மேலே நிற்கும்.

டவுன்ஃபோர்ஸ் உள்ள கார்களில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை, வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 300 கி.மீ. வேகத்தில் இருக்கும் அழுத்தம் 150-க்கு வரும்போது கால்வாசியாகிவிடும். ஆகவே முதல் கணத்தில் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கலாம். பிறகு வேகம் குறையக் குறைய, டயர் சுழல்வது நின்று பூட்டிக்கொள்ளாதபடி காலைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டே வர வேண்டும், அதே சமயம் ஸ்டீயரிங்கையும் திருப்பத் தொடங்க வேண்டும். அனுபவசாலியின் பிரேக் கோடு வழுக்கிக்கொண்டு இறங்கும். புதியவருடையது படிப்படியாக இறங்கும். நடுவில் ஒருமுறை திரும்ப அழுத்தியிருப்பதும் தெரியும். அந்தப் படிகள் மாதத்துக்கு மாதம் மழுங்குகின்றனவா? வளர்ச்சிக்கு இதைவிடத் தெளிவான தடயத்தை நான் அறியேன். கோப்பையில் தெரிவதற்கு வெகு முன்பே இது கோட்டில் தெரிந்துவிடும்.

ஒற்றைச் சுற்று வேகம் வந்த பிறகும் பாடம் மீதி இருக்கிறது. 2025 வரையிலான ஃபார்முலா 1 கார்களில் ஒரு கிலோ எரிபொருள் சுற்றுக்கு ஏறத்தாழ 0.03 நொடி பாரம். சுற்றுக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் எரிந்து கார் இலகுவாவதால், ஓட்டுநர் எதுவும் செய்யாமலே ஒவ்வொரு சுற்றும் சுமார் 0.05 நொடி வேகமாக வேண்டும். நேரம் அப்படியே நின்றால் டயர் அந்த அளவு தேய்கிறது என்று பொருள். புதியவரும் சீனியரும் முதல் ஐந்து சுற்று ஒட்டி ஓடி, பன்னிரண்டாவது சுற்றில் விலகினால், அங்கே குறைவது வேகம் இல்லை. வளைவின் நுழைவில் புதியவர் டயரைச் சறுக்கவிட்டு அதைச் சூடாக்கிவிட்டார். 2023-இல் மெக்லாரனுக்கு வந்த ஆஸ்கர் பியாஸ்ட்ரி இதற்கு நல்ல உதாரணம். தகுதிச்சுற்றில் சக ஓட்டுநர் லாண்டோ நாரிஸைப் பல முறை நெருங்கினார், கத்தாரில் ஸ்பிரின்ட் எனப்படும் குறும் பந்தயத்தையே ஜெயித்தார். நீண்ட பந்தயங்களில் டயரைக் காப்பாற்றுவதில்தான் தடுமாறினார். அந்த வருடப் புள்ளிகள் நாரிஸ் 205, பியாஸ்ட்ரி 97. அடுத்த வருடம் 374, 292. 2025-இல் 423, 410. பாதிகூட இல்லாத இடத்திலிருந்து மூன்றே வருடத்தில் தோளோடு தோள். முதல் வருடத்துப் பட்டியலை மட்டும் பார்த்தவர் அவரைத் தவறாகத்தான் எடைபோட்டிருப்பார்.

வளர்ச்சி நேர்கோட்டிலும் போகாது. 18 வயதில் மெர்சிடிஸுக்கு வந்த கிமி ஆன்டோனெல்லி, 2025-இன் முதல் பந்தயத்தில் 16-வது இடத்தில் தொடங்கி 4-வதாக முடித்தார். பிறகு ஐரோப்பியப் பந்தயங்கள் பலவற்றில் புள்ளியே இல்லை. அணி புதிதாகப் பொருத்திய பின்பக்க சஸ்பென்ஷன் காரின் நிதானத்தைக் கெடுத்ததும், இரண்டு முறை கார் பழுதாகி நின்றதும் அதற்குள் அடக்கம். அந்த சஸ்பென்ஷனைக் கழற்றிய பின் தலைநிமிர்ந்து, பிரேசிலில் இரண்டாவதாக வந்தார். வருட முடிவில் சக ஓட்டுநர் ஜார்ஜ் ரஸல் 319 புள்ளி, இவர் 150. நிலையில்லாத காரை அனுபவசாலி எப்படியோ சமாளித்துவிடுகிறார், புதியவரால் முடிவதில்லை. இடைவெளி விரிந்தால் ஓட்டுநர் பின்வாங்கினார் என்று சொல்வதற்கு முன், காரில் என்ன மாறியது என்று கேட்க வேண்டும்.

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-இல் நடந்த இரவுப் பந்தயம் இந்த விஷயத்தில் அரிய வாய்ப்பு. 3.5 கி.மீ. சாலை, யாருக்கும் முன்பின் தெரியாத தடம், முதல் நாள் மழை வேறு. சீனியருக்கு வழக்கமாக இருக்கும் 'இந்த வளைவு எனக்குத் தெரியும்' என்ற சாதகம் அங்கே இல்லை. முதல் பயிற்சியில் இருந்த இடைவெளி தகுதிச்சுற்றுக்குள் எவ்வளவு மாறியது என்று பார்த்தால், யார் வேகமாகக் கற்கிறார் என்பது கிட்டத்தட்ட கலப்படமில்லாமல் தெரியும்.

டெலிமெட்ரி கைக்குக் கிடைக்காத பெற்றோரும் ரசிகர்களும் ஒன்று செய்யலாம். நேரப்பட்டியலில் செக்டார் (ஒரு சுற்றை மூன்றாகப் பிரித்த பகுதி) நேரங்கள் இருந்தால், ஓர் ஓட்டுநர் வெவ்வேறு சுற்றுகளில் எடுத்த மிகச் சிறந்த மூன்று செக்டார்களையும் கூட்டுங்கள். அவர் உண்மையில் ஓடிய சிறந்த சுற்றோடு அதை ஒப்பிடுங்கள். அனுபவசாலிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். புதியவருக்கு 0.3, 0.4 நொடி வித்தியாசம் வரலாம். கூட்டிய நேரம் சீனியரைத் தொட்டுவிட்டால் வேகம் ஏற்கெனவே கையில் இருக்கிறது, ஒரே சுற்றில் கோக்கத்தான் வரவில்லை. அதற்குத் தேவை அதிகச் சுற்றுகள். கூட்டிய நேரமும் தொடவில்லை என்றால், எந்த செக்டாரில் விழுகிறது என்று பார்த்து, இன்ஜினியரிடம் அந்தப் பகுதியின் பிரேக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.