பயோமார்க்கர்: உயிர்க்குறிப்பான்

பெங்களூரு ஓசூர் சாலையில், நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை வாசலுக்கு அருகே, தர்மபுரியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா மகனின் ரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டினார். தைராய்டு, பி12, சர்க்கரை எல்லாம் வரம்புக்குள் இருந்தன. வரிவரியாகக் கட்டைவிரலை நகர்த்தி வந்தவர் கடைசி வரியில் நிறுத்திக் கேட்டார்: “ரத்தத்தில் ஒன்றும் இல்லையே தம்பி, பிறகு இவனுக்கு மாத்திரை எதற்கு?”

பதில் சொல்லத் திணறியபோதுதான் ‘பயோமார்க்கர்’ என்ற சொல்லுக்கு நல்ல தமிழ் எவ்வளவு அவசியம் என்பது எனக்கு உறைத்தது.

‘பயோஸ்’ என்றால் கிரேக்கத்தில் வாழ்வு. ‘மார்க்’ பழைய ஆங்கிலத்தில் எல்லையையும் அடையாளத்தையும் குறித்த சொல். நம் எல்லைக்கல்லை நினைத்துக்கொள்ளலாம். உடலின் இயல்பான இயக்கம், நோயின் போக்கு, மருந்துக்கு உடல் காட்டும் மாற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்கும், புறவயமாக அளக்கத்தக்க பண்பு என்று 2001-இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று இதை வரையறுத்தது. ‘அளக்கத்தக்க’ என்பதுதான் உயிர்நாடி. காதில் யாரோ பேசுகிறார்கள் என்று நோயாளி சொல்வது அறிகுறி. அது பயோமார்க்கர் ஆகாது.

தமிழில் உயிர்க்குறியீடு, உயிர்க்குறிப்பான் என்று இரண்டும் வழங்குகின்றன. குறியீடு எனக்கு ஒப்பவில்லை. குறியீடு என்பது நாம் கூடிப் பேசி ஒரு பொருளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது. அதில் ஐயத்துக்கு இடமில்லை. ரத்தம் நம்மோடு அப்படி எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளவில்லை. குறிப்பான், அழிப்பான் போலத் தொழில்பெயரை ஒட்டி எளிதாக அமைந்த சொல். அதைவிட, நம் இலக்கணம் வெளிப்படை என்றும் குறிப்பு என்றும் பிரித்துவைத்த வேறுபாடு அதற்குள் இருக்கிறது. குறிப்பை இடமறிந்துதான் பொருள்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோயில் மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.5 சதவீதத்தைத் தொட்டால் அது ஏறக்குறைய வெளிப்படை. மனநோயில் அந்த வசதி இல்லை. மனச்சோர்வு உள்ளவர்களைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால் சி-ரியாக்டிவ் புரதம், இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் சராசரியில் சற்றுக் கூடுதலாக இருக்கின்றன. ஆனால் ஈறு வீக்கமும் உடற்பருமனும்கூட அவற்றை ஏற்றிவிடும்; கடும் மனச்சோர்வில் இருக்கும் பலருக்கு அவை ஏறுவதே இல்லை. 1980-களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, மறுநாள் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் தணியாவிட்டால் மனச்சோர்வு என்று கொள்ளும் சோதனையின்மேல் பெரும் நம்பிக்கை வைத்தார்கள். எடை குறைந்தவர்களிடமும் மறதிநோயாளிகளிடமும் அதே முடிவு வந்ததால் நம்பிக்கை தளர்ந்தது. மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு எதையும் ரத்தத்தை மட்டும் பார்த்து இன்றும் உறுதிசெய்ய முடியாது.

பிறகு ரத்தம் எடுப்பது ஏன்? மனநோய்போல் தோற்றம் காட்டும் வேறு நோய்களை விலக்கத்தான். தைராய்டு குறைந்தாலும் மனம் சோரும். 2007-இல் விவரிக்கப்பட்ட, உடலின் எதிர்ப்பொருளே மூளையைத் தாக்கும் என்எம்டிஏ ஏற்பி மூளையழற்சி முதலில் மனச்சிதைவுபோலவே தோன்றும். அதில் எதிர்ப்பொருளைக் கண்டறிவது உயிரையே காப்பாற்றக்கூடும்.

அந்த அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “வேறு நோய் இல்லை என்பதைத்தான் இந்தத் தாள் சொல்கிறது அம்மா. மகன் சொன்னதையும் நீங்கள் கண்டதையும் வைத்துத்தான் டாக்டர் மாத்திரை எழுதியிருப்பார்” என்றேன்.

அவர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். “ஆடி மாதத்திலிருந்து இவன் இரவில் தூங்குவதே இல்லை. டாக்டர் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை” என்றவர், மகனின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.