ஊர் மாறினால் ஆபத்தும் மாறும்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ வேறொரு நிலப்பகுதிக்குக் குடிபெயர்பவர்கள் வாடகை, பள்ளி, போக்குவரத்து என எல்லாவற்றையும் தீர விசாரிக்கிறார்கள். அந்த நிலத்துக்கு என்ன ஆபத்து உண்டு என்பதை மட்டும் கேட்பதில்லை. பேரிடர் ஆயத்தப் பயிற்சி அளித்துவரும் எனக்கு இதைவிடக் கவலையளிப்பது வேறொன்று. பழைய ஊரில் உயிரைக் காத்த பழக்கமே புதிய ஊரில் உயிருக்கு உலை வைத்துவிடுகிறது.

2007 ஏப்ரலில் சாலமன் தீவுகளில் 8.1 அளவிலான நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலையும் ஏற்பட்டன. கடல் உள்வாங்கியதைக் கண்ட பூர்வகுடிகள் மேட்டை நோக்கி விரைந்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு முன் பசிபிக் பெருங்கடலின் பவளத் தீவுக் கூட்டமான கில்பர்ட் தீவுகளிலிருந்து அங்கே குடியேற்றப்பட்ட மக்களுக்கு அந்த அறிகுறி புரியவில்லை. இறந்தவர்களில் அவர்களுடைய பங்கு மக்கள்தொகை விகிதத்தைவிட மிக அதிகமாக இருந்தது. அவர்களும் கடலோடு பிறந்து வளர்ந்தவர்களே. ஆனால், ஆழ்கடலிலிருந்து செங்குத்தாக எழும் பவளத் தீவுகளில் ஆழிப்பேரலை உயர்ந்தெழுவது அரிது என்பதால், அவர்கள் அறிந்த கடல் அப்படி நடந்துகொண்டதில்லை. இதற்கு நேர்மாறாக, இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907ஆம் ஆண்டுப் பேரலையின் நினைவு வாய்மொழியாகவே தலைமுறைகளைக் கடந்து வந்தது. 2004இல் அங்கிருந்த ஏறத்தாழ 78,000 பேரில் 7 பேர் மட்டுமே இறந்தார்கள். புதிதாக வருபவருக்குச் சொல்லித்தர அப்படியொரு பாட்டி வீட்டில் இருக்க மாட்டார். அவர் தாமேதான் தேடிச் சென்று கேட்டாக வேண்டும்.

நிலநடுக்கப் பயிற்சியில் இது கண்ணெதிரே தெரியும். "இப்போது தரை ஆடுகிறது" என்று நான் சொன்னதும், வெள்ளச் சமவெளிகளிலிருந்து வந்த பெற்றோர் குழந்தையை அள்ளிக்கொண்டு மாடிப்படியை நோக்கி ஓடுவார்கள். அன்பினால் வரும் ஓட்டம்தான் அது; ஆயினும், உறுதியாகக் கட்டப்பட்ட கட்டடத்தில் ஆட்டம் நிற்கும்வரை படிக்கட்டுப் பக்கமே போகக் கூடாது. குனிந்து, மேசைக்கு அடியில் புகுந்து, தலையையும் கழுத்தையும் மறைத்து, மேசைக் காலை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். மேசை நகர்ந்தால் அதோடு நாமும் நகர வேண்டும். படுத்திருந்தால் எழ முயலாமல் தலையணையால் தலையை மூடிக்கொள்வது நல்லது. கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பை வைத்திருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். இருட்டில் உடைந்த கண்ணாடியை மிதித்துப் பாதம் கிழிந்தால், வெளியேற வேண்டிய நேரத்தில் நடக்கவே முடியாது. கடற்கரையில் வசிப்பவர்கள் வலுவான அல்லது நெடுநேரம் நீடித்த ஆட்டத்தையே எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். அபாயச் சங்கு ஒலிக்கட்டும் என்று காத்திராமல் ஆட்டம் நின்றவுடன் மேட்டுக்குச் செல்ல வேண்டும்.

புயலில் வேறுவகைத் தவறு நேர்கிறது. காற்று திடீரென ஓய்ந்து வானமும் வெளுத்தால் புயல் கடந்துவிட்டதென எண்ணி வெளியே வருகிறார்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம்; சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும். டொர்னேடோ எனப்படும் சுழற்காற்று வீசும் பகுதியிலோ நிலவறையே புகலிடம். ஆனால் வெள்ளம் வரும் இடத்தில் அதே நிலவறை மரணப் பொறியாகிவிடுகிறது.

வெள்ளத்தைப் பொறுத்தவரை, மலையடிவாரங்களிலும் வறண்ட பகுதிகளிலும் குடியேறியவர்கள்தாம் அதிகம் ஏமாறுகிறார்கள். தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும்போதே, எங்கோ மேலே பெய்த மழை வறண்ட ஓடையில் பாய்ந்து வரக்கூடும். ஓடும் நீர் 15 செ.மீ. உயரம் இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும், 30 செ.மீ. நீர் சிறிய காரை மிதக்க வைத்துவிடும். வீடு பார்க்கும்போதே சுற்றுச்சுவர்களில் படிந்திருக்கும் நீர்க்கோட்டையும், மின்செருகிகள் வழக்கத்தைவிட உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். வீட்டுக்காரர் சொல்லாததை அவை சொல்லிவிடும்.

வெப்பத்தைப் பலரும் பேரிடராகவே கருதுவதில்லை. குளிர்ந்த பகுதியிலிருந்து வருபவரின் உடல் கடும் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை வெயிலில் செய்யும் வேலையைப் படிப்படியாகவே கூட்ட வேண்டும்.

அக்கம்பக்கத்தாரிடம் கேட்பது அவசியம் என்றாலும், அவர்கள் சொல்வதில் எதை எந்த அளவுக்கு ஏற்பது என்பதிலும் கவனம் தேவை. ஆண்டுதோறும் வரும் ஆபத்தை அவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். எந்தத் தெரு முதலில் மூழ்கும், எந்த மரம் முறியும் என்று சரியாகவே சொல்வார்கள். ஆனால், "இங்கே அதெல்லாம் வராது" என்ற சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது. நூறாண்டு வெள்ளம் எனப்படுவது ஒவ்வோர் ஆண்டும் நிகழ 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம். 30 ஆண்டுகள் ஒரே வீட்டில் வசிப்பவர் அதை ஒருமுறையேனும் எதிர்கொள்ளும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம். அதை நேரில் பார்த்தவரே தெருவில் இல்லாமல் இருக்கலாம். ஆகவே, உள்ளாட்சி அமைப்பு வெளியிட்டுள்ள அபாய வரைபடத்தில் உங்கள் வீடு எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சிறு அதிர்வுக்கும் உறக்கம் கெட்டு அஞ்சுபவர்களும் உண்டு. அவர்களைக் கேலி செய்வதால் பயனில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதைக் குடும்பமாக இரண்டு மூன்று முறை செய்து பழகினால், அந்த அச்சம் பெருமளவு தணிவதை நான் பார்த்துவருகிறேன்.

உறவினர்கள் அருகில் இல்லாததும் புதிதாகக் குடியேறுபவர்களுக்குரிய பெருங்குறை. வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ இருந்தால், எச்சரிக்கை வரும் நாளில் உங்கள் கதவைத் தட்டிச் சொல்ல ஒருவரை அண்டை வீட்டில் இப்போதே கேட்டு வையுங்கள். வெளியூர் உறவினர் ஒருவரின் எண்ணைக் குடும்பத்தார் அனைவரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அழைப்பு இணைக்கப்படாத நேரத்திலும் குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்ச் சேரும் என்பதால், அவரவர் இருக்குமிடத்தை அந்த ஒரே எண்ணுக்கு அனுப்பிவிட்டால் போதும்.