விளக்கு இடப்பக்கம், நிழல் வலப்பக்கம்

டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர், பயிர்களைக் கிளறி நாசமாக்கும் காட்டுப்பன்றிகளைச் சுடும் நண்பர்களுடன் இரவில் ஒரு பண்ணைக்குச் சென்றிருக்கிறார். நில உரிமையாளர் அனுமதித்தால் அங்கே இரவு வேட்டைக்கும் சட்டம் இடமளிக்கிறது. ரைஃபிளின் இடப்பக்கத்தில் பொருத்தியிருந்த டார்ச் லைட்டை எரியவிட்டதும், வெளிச்ச வட்டத்தின் வலப்பக்கத்தில் ஆப்பு அடித்தது போல ஒரு கரிய பட்டை தெரிந்ததாம். விளக்கு பழுதா என்று கேட்டு எழுதியிருக்கிறார். பழுதில்லை, அது துப்பாக்கிக் குழலின் நிழல்.

ஏஆர்-15 வகை ரைஃபிள்களில் குழலைச் சுற்றியுள்ள உறையின் மேல் பல் பல்லாக வெட்டிய ஒரு பட்டை ஓடும். நியூ ஜெர்சியிலுள்ள பிக்காட்டினி ராணுவக் கூடத்தின் பெயரைத் தாங்கிய இந்தப் பட்டையை அமெரிக்க ராணுவம் 1995இல் தரப்படுத்தியது. ஏறத்தாழ 10 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு இருப்பதால், விளக்கை வேண்டிய இடத்தில் பூட்டிக்கொள்ளலாம்.

நிழலைப் புரிந்துகொள்ள விளக்கின் உள்ளே பார்க்க வேண்டும். எல்இடி சில்லு சில மில்லிமீட்டர் அகலமே உடையது. அதன் ஒளியில் ஒரு பகுதி, கிண்ணம் போன்ற எதிரொளிப்பானில் பட்டு நேர்க்கற்றையாகி, நடுவில் பளிச்சென்ற புள்ளியாக விழுகிறது. மீதி ஒளி கிண்ணத்தைத் தொடாமலே சில்லிலிருந்து நேராக வெளியேறி, அந்தப் புள்ளியைச் சுற்றி மங்கலாகப் பரவுகிறது. குழல் மறைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஒளியைத்தான். ட்யூப்லைட்டின் கீழ் விரலை நீட்டினால் நிழல் கலங்கலாக விழுகிறது, கைபேசி விளக்கின் முன் நீட்டினால் கத்தியால் வெட்டியது போல விழுகிறது. ஒளி புறப்படும் இடம் சிறிதானால் நிழலின் ஓரம் கூர்மையாகும். வாசகர் கண்ட ஆப்பு அத்தனை தெளிவாக இருந்ததற்குச் சில்லின் சிறுமையே காரணம். ஆப்பின் முனை வெளிச்சத்தின் நடுவை நோக்கியும் அகன்ற பகுதி வெளிப்புறமாகவும் இருப்பதற்கும் காரணம் எளிது: குழலின் நுனி சில்லுக்குத் தொலைவில் இருப்பதால் சிறிதாகவும், பின்பகுதி அருகில் இருப்பதால் பெரிதாகவும் மறைக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சில்லு குழலின் அச்சிலிருந்து 4 செ.மீ. விலகியும், குழல் முனைக்கு 20 செ.மீ. பின்னாலும் இருக்கட்டும், முனையின் ஆரம் 1.1 செ.மீ. எனக் கொண்டால், நடுவிலிருந்து 8 பாகைக்குச் சற்று மேல் நிழல் தொடங்கிவிடும். அதாவது 25 மீட்டர் தொலைவில், நடுப்புள்ளிக்கு மூன்றரை மீட்டர் வலப்புறத்தில் நிற்கும் கன்றுக்குட்டி கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விளக்கை நகர்த்தி, முனைக்கு 5 செ.மீ. பின்னால் வைத்தால் அதே நிழல் 30 பாகைக்குத் தள்ளிப்போகும்.

அப்படியானால் முனைக்கே கொண்டுபோய் வைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் சுடும்போது வெளிவரும் வாயுவின் கரி கண்ணாடியில் படியும். மேலும், பிடிக்கும் இடத்திலிருந்து தொலைவு இருமடங்கானால், துப்பாக்கியைச் சட்டெனத் திருப்ப அந்த எடை தரும் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மேலே வைத்தால் நிழல் தரையில் விழுந்து தொந்தரவு குறையும் என்றாலும், குறிபார்க்கும் கருவிக்கு இடைஞ்சலாகலாம். விற்பவர்கள் விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவான லூமென் எண்ணிக்கையை மட்டும் பெரிதாக அச்சிடுவது எனக்கு உடன்பாடில்லை. பின்தள்ளி வைத்த விளக்கில் லூமென் கூடக் கூட, ஒளிபட்டு மின்னும் குழலே வேட்டைக்காரரின் கண்ணைக் கூச வைக்கும், இருட்டுக்குப் பழகிய கண் அதிலிருந்து முழுமையாக மீள அரைமணி நேரம் வரை ஆகும்.

துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டா இல்லை என்பதை இருமுறை சரிபார்த்த பிறகு, இருட்டில் 5 மீட்டர் தொலைவிலுள்ள வெள்ளைச் சுவரின் முன் வாசகர் இதைச் சோதித்துப் பார்க்கலாம். மேலே சொன்ன அளவுகளில், நடுவிலிருந்து ஏறத்தாழ 70 செ.மீ. தள்ளி ஆப்பின் முனை தெரியும். விளக்கை ஒவ்வொரு வெட்டாக முன்னே நகர்த்த, அது சுவரில் ஓரத்தை நோக்கி விலகிக்கொண்டே போகும்.