‘கிளீன்’ என்று வந்தால் டிஸ்க்கைச் சோதித்தாகிவிட்டது என்று அர்த்தமில்லை

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபிஸில் லினக்ஸ் கணினி ஒன்று போட்டுக் கொடுத்திருந்தேன். செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகை-சம்பளக் கணக்கு, முழுக்க அதில்தான். மழைக்காலத்தில் அது அடிக்கடி நின்றுபோகிறது என்று ஆபிஸ் கிராணி (எழுத்தர்) கூப்பிட்டார். போய்த் திறந்தேன். ‘ஜர்னல் மீட்கப்படுகிறது’ (டிஸ்க்கில் எழுதப்போகும் மாற்றங்களின் பதிவுதான் ஜர்னல்) என்று ஒரு வரி, அடுத்து ‘கிளீன்’, பக்கத்தில் கோப்புகளின் எண்ணிக்கை. “டிஸ்க் நல்லா இருக்குங்க ஐயா, கரண்டுதான் காரணம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போன். 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டும். போன மாதச் செக்ரோலைத் திறந்தால் பாதியில் உர விலைப் பட்டியல் வருகிறதாம்!

டிஸ்க்கை மவுண்ட் செய்யாமல் (அதாவது பயன்பாட்டில் இணைக்காமல்), டிஸ்க்கின் கோப்பு அமைப்பைச் சோதிக்கும் எஃப்எஸ்செக் கட்டளையோடு, ‘கட்டாயம் முழுதாகச் சோதி’ என்று சொல்லும் ‘-எஃப்’ சேர்த்து ஓட்டினேன். டிஸ்க்கின் ஒரே பிளாக்கை, அதாவது ஒரே சிறு துண்டை, இரண்டு கோப்புகள் தமதென்று சொல்லிக்கொண்டிருந்தன. ராத்திரி முழுக்க மெமரி டெஸ்ட் ஓட்டியதில் ஒரு ராம் குச்சி பழுது என்று தெரிந்தது. கரண்டின் மேல் பழியைப் போட்டது என் அவசரம்.

“அன்னிக்குக் கிளீன்னு சொன்னியே தம்பி?” என்றார் கிராணி. நியாயமான கேள்வி. லினக்ஸில் வழக்கமான ஈஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கின் சூப்பர்பிளாக்கில், அதாவது டிஸ்க்கைப் பற்றிய அடிப்படைத் தகவல் இருக்கும் இடத்தில், ஒரு சிறு குறி இருக்கிறது. ஒழுங்காக மூடப்பட்டதா, லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் ஏதாவது பிழையைக் கண்டதா என்பது மட்டுமே அதில் பதிவாகும். குறி சுத்தமாக இருந்தால் எஃப்எஸ்செக் உள்ளே போகாமலே திரும்பிவிடும். “செக்ரோலின் அடியில் கையெழுத்து இருக்கு, கூட்டல் சரியான்னு யாரும் பார்க்கலை, அந்த மாதிரி” என்றேன். அவருக்கு உடனே புரிந்தது.

குறியை நம்புவது தப்பில்லை. ஒவ்வொரு முறை கணினியைத் திறக்கும்போதும் பெரிய டிஸ்க்கை முழுதாகத் துழாவிக்கொண்டிருந்தால் யார் காத்திருப்பது? என் குறை வேறு. ‘பார்க்கவில்லை’ என்பதை ‘கிளீன்’ என்று ஏன் சொல்ல வேண்டும்? முழுதாகச் சோதித்துப் பிழை இல்லை என்றாலும், சோதிக்காமலே தாண்டினாலும் எஃப்எஸ்செக் திருப்பித் தரும் முடிவு எண் 0தான். ஸ்கிரிப்ட் எழுதுகிறவனுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். ‘குறி சுத்தம், சோதனை செய்யவில்லை’ என்று ஒரு வரி வந்திருந்தால் நான் அன்றே ‘-எஃப்’ போட்டிருப்பேன்.

முன்பெல்லாம் இத்தனை தடவை மவுண்ட் ஆனால், அல்லது 180 நாள் கடந்தால், குறி சுத்தமாக இருந்தாலும் முழுச் சோதனை தானாக ஓடும். இப்போது புதிதாக ஃபார்மட் செய்யும் டிஸ்க்குகளில் பெரும்பாலும் அது அணைந்தே வருகிறது. டியூன்2எஃப்எஸ் என்ற கட்டளை கொண்டு திரும்பவும் வைத்துக்கொள்ளலாம். தோட்டக் கணினிக்கு மூன்று மாதம் என்று வைத்திருக்கிறேன். விண்டோஸிலும் இதே கதைதான்: ‘டர்ட்டி’ குறி இல்லையென்றால் திறக்கும்போது அதன் சோதனைக் கருவியான செக்டிஸ்க் தானாக ஓடாது.

சந்தேகம் வந்தால் முதலில் ‘-எஃப்’போடு ‘-என்’னும் சேர்த்து ஓட்டுங்கள். ‘-என்’ எதையும் மாற்றாது, பிழையை மட்டும் காட்டும்; ‘-எஃப்’ இல்லாவிட்டால் குறி சுத்தமென்று அதுவும் உள்ளே போகாமலே திரும்பிவிடும். ‘-ஒய்’ போட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டாம். டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் சோதனையே வேண்டாம். முதலில் வேறு டிஸ்க்கில் முழுப் பிரதி எடுத்துவிட்டு, அப்புறம் அந்தப் பிரதியின் மேல் கை வையுங்கள்.