நுண்ணோக்கிக்கு எந்தக் கேமரா போதும்?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் பெப்ரைன் என்று சொன்னால் முகம் மாறும். தாய் அந்துப்பூச்சிக்கு இருந்தால் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைப் புழுக்களுக்குப் போய்விடும் நோய் அது. முட்டையிட்ட பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்த்து, நோயில்லாத தாயின் முட்டைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் வழியை 1860களில் பிரான்சில் லூயி பாஸ்டர் நிலைநாட்டினார். முட்டை உற்பத்தி நிலையங்களில் இன்றைக்கும் தாய்ப்பூச்சியை அரைத்துத்தான் பார்க்கிறார்கள். தேடுவது நோசிமா பாம்பிசிஸ் என்ற நுண்ணுயிரியின் ஸ்போர்களை, அதாவது வித்துகளை. நீள்வட்ட வடிவம், பளபளப்பு, 3 முதல் 4 மைக்ரான் நீளம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான்.

கண்ணால் பார்த்தாயிற்று. அதைப் படமெடுத்து வைக்க வேண்டும், அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும் என்றால்? கல்லூரி ஆய்வகமோ வீட்டு மேசையோ, உடனே வரும் கேள்வி எத்தனை மெகாபிக்சல் என்பதுதான். கேள்வியே தப்பு. படத்தில் எவ்வளவு விவரம் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கேமரா அல்ல, ஸ்லைடுக்கு மேலே நிற்கும் பொருளருகு லென்ஸ்.

அந்த லென்ஸின் பக்கத்தில் 40/0.65 என்று பொறித்திருக்கும். 40 என்பது உருப்பெருக்கம். 0.65 என்பதை என்.ஏ. என்பார்கள், எவ்வளவு அகலக் கோணத்தில் ஒளியை வாங்கிக்கொள்ளும் என்பதன் அளவு. பலரும் முதல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள், காரியம் இரண்டாவதில் இருக்கிறது. ஒளி அலையாக இருப்பதால் மிக அருகருகே உள்ள இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். எவ்வளவு அருகில் என்பதற்கு ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே தந்த விதி எளிமையானது: அலைநீளத்தை என்.ஏ.வின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான், அதை 1.3-ஆல் வகுத்தால் 0.42 மைக்ரான். ஆக, மூன்றரை மைக்ரான் ஸ்போரின் நீளத்தில் இந்த லென்ஸ் பிரித்துக் காட்டுவது ஏறக்குறைய எட்டே புள்ளிகள். எந்தக் கேமராவை மாட்டினாலும் ஒன்பதாவது புள்ளி வராது.

சாதாரணக் கண்ணருகு லென்ஸில் 10 மடங்கு, 18 என்று இருக்கும். 18 என்பது உள்ளே தெரியும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில். அதை 40-ஆல் வகுத்தால் ஸ்லைடில் நாம் பார்ப்பது 0.45 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் 0.42 மைக்ரான் புள்ளிகள் ஆயிரத்துச் சொச்சம் அடங்கும். ஒரு புள்ளியைச் சரியாகப் பதிய இரண்டு பிக்சலாவது வேண்டும். எனவே வட்டத்தின் குறுக்கே சுமார் 2,100 பிக்சல். பெருக்கிப் பார்த்தால் ஐந்து மெகாபிக்சலுக்கும் குறைவு. 4 மடங்கு, என்.ஏ. 0.10 உள்ள லென்ஸுக்குத்தான் கொஞ்சம் அதிகம் வேண்டும்: குறுக்கே 3,300 பிக்சல் அளவில். உருப்பெருக்கம் கூடக் கூடத் தேவைப்படும் மெகாபிக்சல் குறைகிறது என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சட்டைப்பையில் இருக்கும் போனைப் பார்ப்போம். 50 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல் என்று விற்கும் போன்களும் வழக்கமாகப் பிக்சல்களைச் சேர்த்து 12 மெகாபிக்சல் அளவில்தான் படம் தருகின்றன. நீளவாக்கில் 4,000 பிக்சல். பிரதான கேமராவைக் கண்ணருகு லென்ஸில் வைத்தால் அந்த வட்டம் படத்தின் நீளத்தில் பாதியை நிரப்பும். அதாவது குறுக்கே சுமார் 2,000 பிக்சல். 40 மடங்குக்குத் தேவையானது ஏறத்தாழ அதுவேதான்! சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் போன் அடாப்டர் ஒன்று வாங்கினால் பெரும்பாலோர்க்கு அதற்கு மேல் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

ஆனால் போனை வைக்கும் இடத்தில்தான் எல்லாமே இருக்கிறது. கண்ணருகு லென்ஸிலிருந்து வெளிவரும் ஒளி சற்று மேலே ஒரு சின்ன வட்டமாகக் குவியும். நம் கண்ணின் பாவை இருக்க வேண்டிய இடம் அது. 40 மடங்கு லென்ஸும் 10 மடங்கு கண்ணருகு லென்ஸும் சேர்ந்த 400 மடங்கில் அதன் அகலம் 0.8 மில்லிமீட்டர்தான். ஒரு வெள்ளைத் தாளை மேலும் கீழும் நகர்த்தினால் வட்டம் எங்கே மிகச் சிறிதாகிறது என்று தெரியும். போன் லென்ஸ் அங்கே நிற்க வேண்டும். உயரம் தவறினால் ஓரங்கள் கறுக்கும். பக்கவாட்டில் விலகினால் படமே பிறைநிலா. மூன்று நான்கு கேமரா உள்ள போன்கள் தாமாகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், அது பெரிய தொல்லை. ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் விரலால் அழுத்திப் பூட்டிவிட்டு, டைமரில் எடுங்கள்.

அப்புறம், கண்ணருகு லென்ஸைக் கழற்றிவிட்டு 23.2 மில்லிமீட்டர் குழாயில் செருகும் யு.எஸ்.பி. கேமராக்கள். வகுப்பறையில் திரையில் காட்ட வசதிதான். ஆனால் விலை குறைந்தவற்றில் ஒளியைப் பதியும் சென்சார் கால் அங்குல வகையாக இருக்கும். கால் அங்குலம் என்பது பெயருக்குத்தான், அதன் அகலம் 3.6 மில்லிமீட்டர். 18 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு அகலம்தான் அதில் விழும். ஸ்போர்களைத் தேடி ஸ்லைடை நகர்த்திக்கொண்டே இருப்பவருக்கு இது பெரிய இழப்பு. பிக்சலோ 1.4 மைக்ரான், லென்ஸ் தரும் ஒவ்வொரு புள்ளியும் சென்சாரில் 17 மைக்ரான் அகலம். ஒரு புள்ளிக்குப் பன்னிரண்டு பிக்சல் என்றால் படம் பெரிதாகும், விவரம் கூடாது. பாதியாகச் சுருக்கும் லென்ஸ் ஒன்றைச் சேர்த்தால் ஓரளவு சரியாகும். சின்னக் கணினிகள் செய்யும் ராஸ்பெர்ரி பை நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த 12 மெகாபிக்சல் கேமராவின் சென்சார் இதைவிடப் பெரியது. கொஞ்சம் கணினி பழக்கம் உள்ளவர்களுக்கு அது நல்ல தேர்வு.

வீட்டில் பழைய டி.எஸ்.எல்.ஆர். சும்மா கிடந்தால் அதையும் மாட்டலாம். 22 மில்லிமீட்டர் சென்சார் முழு வட்டத்தின் அகலத்தையும் வாங்கிக்கொள்ளும். தொல்லை அதிர்வுதான். படமெடுக்கும் நொடியில் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலெழும்போது ஸ்லைடு ஒரே ஒரு மைக்ரான் ஆடினாலும் 40 மடங்கில் சென்சார் மீது அது 40 மைக்ரான் ஆகிவிடும், அதாவது பத்துப் பிக்சல். கேமராவின் திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் வைத்து எடுத்தால் கண்ணாடி முன்கூட்டியே மேலே போய்விடும். இதற்கென்றே புதிதாக ஒன்று வாங்குவது தேவையில்லாத செலவு.

மிச்சமாகும் பணத்தை விளக்குக்குப் போடலாம். ஸ்லைடு வைக்கும் மேடைக்குக் கீழே, ஒளியைக் குவிக்கும் கண்டென்சரில், திறந்து மூடக்கூடிய ஓர் ஐரிஸ் துளை உண்டு. அதைச் சற்று மூடினால் கண்ணாடி மாதிரி இருக்கும் ஸ்போரின் விளிம்பு எடுப்பாகத் தெரியும். ரொம்ப மூடினால் லென்ஸின் என்.ஏ. வீணாகி எல்லாவற்றையும் சுற்றி வளையம் வரும். கண்ணருகு லென்ஸை எடுத்துவிட்டுக் குழாய்க்குள் பார்த்தால் ஒளி வட்டத்தில் முக்கால் பங்கு திறந்திருக்க வேண்டும். மின்சார விளக்கானால் திரையில் பட்டை பட்டையாக ஓடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பட்டை போய்விடும். கண்ணாடி வைத்த பழைய பள்ளி நுண்ணோக்கி என்றால் வெயில் படும் வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்புங்கள். சூரியனை நோக்கி ஒருபோதும் கூடாது, கண் போய்விடும்.

படத்தில் அளவு இல்லாவிட்டால் பெப்ரைன் ஸ்போரையும் வேறு ஏதாவதொன்றையும் குழப்பிக்கொள்ள வழியுண்டு. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த அளவுகோல் ஸ்லைடு தனியாகக் கிடைக்கிறது. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு 10 மைக்ரான். அதை ஒவ்வொரு லென்ஸிலும் ஒரு முறை படமெடுத்து, இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்ஜே மென்பொருளில் 10 மைக்ரானுக்கு எத்தனை பிக்சல் என்று குறித்துக்கொண்டால் போதும். போனில் ஜூமை மாற்றினால் அந்த எண் செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும்.